சைக்கோ திரைப்படங்களின் தொலைக்காட்சித் தழுவல்

சைக்கோ என்பது ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கத்தில் 1960-ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் திகில் திரைப்படம் ஆகும். இப்படத்தையும் அதைத் தொடர்ந்து வந்த படங்களையும் அடிப்படையாகக் கொண்டு தொலைக்காட்சித் தொடர் ஒன்றை உருவாக்க அமெரிக்காவில் இரு முறை முயன்றுள்ளனர். 1987-இல் மேற்கொள்ளப்பட்ட முதல் முயற்சி ஒரு முன்னோட்டப் படத்துடன் நின்றுபோனது. இரண்டாவது முயற்சி 2013 முதல் 2017 வரை ஐந்து பருவங்களாக, மொத்தம் 50 அத்தியாயங்கள் ஒளிபரப்பானது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே: பேட்ஸ் மோட்டல். நெடுஞ்சாலையோரத்தில், வாகனத்தில் வருவோர் தம் அறை வாசலிலேயே வண்டியை நிறுத்தித் தங்கிச் செல்லும் வகையில் கட்டப்பட்ட விடுதியே மோட்டல் எனப்படுகிறது.

ஒரே மூலத்திலிருந்து தோன்றிய இவ்விரு முயற்சிகளும் எதிரெதிர் வழிகளில் சென்றவை. ஆகவே, திகில் திரைப்பட வரிசை ஒன்றைத் தொடராக மாற்றும்போது எழும் சிக்கல்களை விளங்கிக்கொள்ள இவை நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும்.

எச்சரிக்கை: கதைத் திருப்பங்களும் முடிவுகளும் கீழே கூறப்பட்டுள்ளன. சைக்கோவை இதுவரை பார்க்காதவர்கள், படத்தைப் பார்த்துவிட்டு இப்பக்கத்துக்குத் திரும்புவது நல்லது.

மூலத் திரைப்படம்

ராபர்ட் பிளாக் 1959-இல் எழுதிய புதினத்தைத் தழுவி ஜோசப் ஸ்டெஃபானோ இப்படத்தின் திரைக்கதையை அமைத்தார். அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் மேரியன் கிரேன் என்னும் பெண் 40,000 டாலர் பணத்தை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடுகிறாள். மழை பெய்யும் இரவொன்றில் ஆளரவமற்ற மோட்டலில் தங்குகிறாள். அதை நடத்துபவன் நார்மன் பேட்ஸ் என்னும் கூச்ச சுபாவம் கொண்ட இளைஞன். விடுதிக்குப் பின்னாலுள்ள குன்றின் மேல் வீட்டில் அவனுடைய தாய் இருப்பதாக அறிகிறோம். அன்றிரவே மேரியன் குளியலறையில் குத்திக் கொல்லப்படுகிறாள். தாயே கொலையாளி என்று நம்பிக்கொண்டிருக்கும் பார்வையாளருக்கு, அவள் இறந்து பத்தாண்டுகள் ஆகின்றன என்பது இறுதியில் தெரியவருகிறது. தாயையும் அவளுடைய காதலனையும் நஞ்சிட்டுக் கொன்ற நார்மன், தாயின் உடலைப் பாதுகாத்து வைத்து, அவளாகவே உடுத்திப் பேசி வாழ்ந்து வந்துள்ளான்.

இப்படத்தின் அச்சம் எதிர்பாராமையின் மீது கட்டப்பட்டது. கதாநாயகி என்று நாம் எண்ணியவள் பாதிப் படம் முடிவதற்குள் இறந்துவிடுகிறாள். ஒரு நிமிடமும் நீடிக்காத அந்தக் குளியலறைக் காட்சியை எடுக்க ஏழு நாட்கள் பிடித்தன. படம் தொடங்கிய பிறகு எவரையும் அரங்கினுள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளுக்கு விதி விதித்தார். முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று விளம்பரங்களில் கேட்டுக்கொண்டார். இரகசியம் காக்கப்படும் வரையில்தான் படத்துக்கு முழு வலு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதில் ஒரு முரண் உண்டு. ஹிட்ச்காக் 1955 முதல் தமது பெயரில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை வழங்கிவந்தார். ஒளிப்பதிவாளர் ஜான் ரசல் உட்பட அத்தொடரில் பணியாற்றிய குழுவினரைக் கொண்டே, கருப்பு வெள்ளையில், ஏறத்தாழ 8 இலட்சம் டாலர் செலவில் சைக்கோவை எடுத்தார். அதாவது தொலைக்காட்சியின் கருவிகளாலும் ஆட்களாலும் உருவான படம் இது. அப்படியிருந்தும் அதனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை.

ஹிட்ச்காக் 1980-இல் காலமானார். அதன் பின்னர் இரண்டாம் பாகம் 1983-இலும் மூன்றாம் பாகம் 1986-இலும் வெளிவந்தன. இரண்டிலும் மூலப் படத்தில் நடித்த அந்தோணி பெர்க்கின்ஸே நார்மனாக நடித்தார். மூன்றாம் பாகத்தை இயக்கியவரும் அவரே.

1987: முதல் முயற்சி

என்.பி.சி. தொலைக்காட்சிக்காக ரிச்சர்ட் ரோத்ஸ்டைன் எழுதி இயக்கிய பேட்ஸ் மோட்டல் 1987 சூலை 5 அன்று ஒளிபரப்பானது. தொடர் ஒன்றுக்கு முன்னோட்டமாக எடுக்கப்பட்ட இது, இரண்டாம், மூன்றாம் பாகங்கள் நிகழவே இல்லை எனக் கொண்டது. இக்கதையில் நார்மன் மனநலக் காப்பகத்திலேயே இறந்துவிடுகிறான். காப்பகத்தில் அவனோடு நட்புக் கொண்டிருந்த அலெக்ஸ் வெஸ்ட் என்பவனுக்கு விடுதி உயிலாகக் கிடைக்கிறது. அலெக்ஸாக பட் கோர்ட் நடித்தார். பெர்க்கின்ஸ் இதில் நடிக்கவில்லை.

வாரந்தோறும் புதிய விருந்தினர் ஒருவர் விடுதிக்கு வருவார், அவருக்கென ஒரு தனிக்கதை நிகழும், அத்துடன் அது முடியும் என்பதே திட்டம். அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சியின் வணிக நடைமுறையை நோக்கினால் இத்திட்டத்தின் காரணம் விளங்கும். ஒரு தொடரின் அத்தியாயங்கள் பின்னாளில் பல நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்காக விற்கப்படும். எந்த அத்தியாயத்தை எந்த வரிசையில் காட்டினாலும் புரியவேண்டும் என்பதால், முற்றுப்பெற்ற தனிக்கதைகளே விரும்பப்பட்டன. அந்த அமைப்பில், ஒரு மனிதன் சிறுகச் சிறுகச் சிதைவதைச் சொல்ல இடமில்லை. எனவே திரைப்படத்திலிருந்து பெயரையும் கட்டடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டனர்.

அதே ஆண்டுகளில் வேறு இரு திரைப்பட வரிசைகளும் இவ்வாறே கையாளப்பட்டன. 1987-இல் தொடங்கிய "ஃபிரைடே தி தேர்டீன்த்" தொலைக்காட்சித் தொடரில், அப்படங்களின் கொலையாளியான ஜேசன் எங்குமே தோன்றவில்லை. சபிக்கப்பட்ட பழம்பொருட்களைத் தேடி மீட்கும் கதை அது. பெயரை நம்பி ஜேசனைக் காண அமர்ந்தவர்கள் ஏமாந்திருப்பர். ஆயினும் அத்தொடர் மூன்று பருவங்களில் 72 அத்தியாயங்கள் ஓடியது. 1988-இல் வந்த "ஃபிரெடிஸ் நைட்மேர்ஸ்" தொடரில் ஃபிரெடி குரூகராக ராபர்ட் இங்லண்ட் நடித்தார் என்றாலும், பெரும்பாலும் பிறர் கதைகளை அறிமுகப்படுத்தும் வேலையே அவருக்கு இருந்தது. 44 அத்தியாயங்களுடன் அது 1990-இல் நின்றது.

பேட்ஸ் மோட்டலுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. நார்மனும் தாயும் இல்லாத விடுதி, நெடுஞ்சாலையில் உள்ள வேறெந்த விடுதியையும் போன்றதே. தொடரைத் தயாரிக்க என்.பி.சி. முன்வரவில்லை.

1990: நான்காம் பாகம்

இடையில் வந்த "சைக்கோ 4" தொடர் அன்று. ஷோடைம் கட்டண அலைவரிசைக்காக எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் திரைப்படம். எனினும் இங்கு குறிப்பிடப்பட வேண்டியது. மூலப் படத்தின் திரைக்கதையாசிரியர் ஸ்டெஃபானோவே இதை எழுதினார். மிக் காரிஸ் இயக்கினார். வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குத் தொலைபேசியில் அழைக்கும் நார்மன், தன் இளமைக்காலத்தை நினைவுகூர்கிறான். இளம் நார்மனாக ஹென்றி தாமசும் தாயாக ஒலிவியா ஹசியும் நடித்தனர். மூலப் படத்தில் குரலாகவும் நிழலாகவும் எலும்புக்கூடாகவும் மட்டுமே இருந்த தாய், இதில் பெரும்பகுதி உயிருள்ள பெண்ணாகத் திரையில் நடமாடினாள். பின்னாளில் வந்த தொடருக்கான விதை இதிலிருப்பதாகக் கருதலாம். பெர்க்கின்ஸ் நார்மனாக நடித்தது இதுவே கடைசி. அவர் 1992-இல் காலமானார்.

2013: பேட்ஸ் மோட்டல் தொடர்

ஏ அண்ட் ஈ கேபிள் அலைவரிசையில் இத்தொடர் 2013 மார்ச்சு 18 அன்று தொடங்கியது. கார்ல்டன் கியூஸ், கெர்ரி எரின், அந்தோணி சிப்ரியானோ ஆகியோர் உருவாக்கினர். முதல் இருவரே தொடரை முன்நின்று நடத்தினர். முன்னோட்டம் எதுவும் எடுக்காமலேயே பத்து அத்தியாயங்களுக்கு அலைவரிசை ஒப்புதல் வழங்கியது. நார்மனாக ஃபிரெடி ஹைமோரும், தாய் நார்மாவாக வேரா ஃபார்மிகாவும் நடித்தனர். மகனுக்கும் தாய்க்கும் ஓரெழுத்தே வேறுபாடு என்பதைக் கவனிக்க. இப்பெயர்கள் பிளாக்கின் புதினத்திலேயே உள்ளவை.

கதை படத்துக்கு முற்பட்டது. ஆனால் நிகழும் காலம் 2010-களின் அமெரிக்கா. பாத்திரங்களின் கைகளில் செல்பேசி இருக்கும். உடுத்தும் உடையும் வீட்டின் அறைகலன்களும் 1950-களை நினைவூட்டும். படத்தில் கலிபோர்னியாவில் இருந்த விடுதி, தொடரில் ஒரிகன் மாநிலத்தின் வைட் பைன் பே என்னும் கற்பனை ஊருக்கு மாறியது.

கால அளவு

மூலப் படம் 109 நிமிடங்கள் ஓடுகிறது. விளம்பரங்களை நீக்கிக் கணக்கிட்டால் 50 அத்தியாயங்களும் சேர்ந்து ஏறத்தாழ 35 மணி நேரம். அதாவது படத்தைப் போல் சுமார் இருபது மடங்கு. அச்சத்தை இருபது மடங்கு நீட்ட இயலாது என்பதே முதற் சிக்கல். ஒருவர் தொடர்ந்து அஞ்சிக்கொண்டே இருக்க முடியாது. சற்று நேரத்தில் பழகிவிடும். போதாக்குறைக்கு, கேபிள் அலைவரிசையில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை விளம்பரம் வரும். (தமது தொடரில் இந்த விளம்பரதாரர்களைக் கேலி செய்தே ஹிட்ச்காக் பெயர் பெற்றார்.)

தொடக்கத்தில் எழுத்தாளர்கள் இவ்விடைவெளியைப் பிற குற்றங்களைக் கொண்டு நிரப்பினர். ஊர் முழுவதும் கஞ்சாப் பயிரால் பிழைக்கிறது. இளம்பெண்களைக் கடத்தி விற்கும் கும்பல் ஒன்று இருக்கிறது. இரண்டாம் பருவத்தில் கஞ்சா வணிகக் குழுக்களிடையே மோதல் மூள்கிறது. இவை விறுவிறுப்பானவை என்றாலும் சைக்கோவுக்கு உரியவை அல்ல. வேறெந்தக் குற்றத் தொடரிலும் இவற்றைக் காணலாம். தாயும் மகனும் சமையலறையில் பேசிக்கொள்ளும் காட்சிகளில் உள்ள பதற்றம் துப்பாக்கிச் சண்டைகளில் இல்லை. தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்ததுபோல், மூன்றாம் பருவம் முதல் கதை வீட்டுக்குள் திரும்பியது.

இன்னொரு வழி, படத்தில் போகிற போக்கில் சொல்லப்பட்டவற்றை எடுத்து விரிப்பது. இதில் தொடர் பெரிதும் வெற்றி கண்டது எனலாம். புதிய நெடுஞ்சாலை வேறு வழியாகப் போய்விட்டதால் விடுதிக்கு ஆள் வருவதில்லை என்று படத்தில் நார்மன் ஓரிரு வாக்கியங்களில் சொல்வான். தொடரில் அப்புறவழிச்சாலைத் திட்டம், தாயின் பிழைப்பையே அழிக்கவரும் அச்சுறுத்தலாகப் பல அத்தியாயங்கள் நீள்கிறது. நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து அவள் அதை எதிர்க்கிறாள். அதேபோல், படத்தில் நார்மனின் அறையில் பாடம் செய்யப்பட்ட பறவைகள் இருக்கும். அக்கலையை அவன் யாரிடம் கற்றான், ஏன் கற்றான் என்பதைத் தொடர் காட்டுகிறது. வண்டியில் அடிபட்டு இறந்த நாயை இழக்க மனமின்றி, தோழி எம்மாவின் தந்தையிடம் போய்க் கற்றுக்கொள்கிறான். இறந்தவற்றை இறந்ததாக ஏற்காத மனம் எங்கே போய் முடியும் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும்.

தெரிந்த முடிவு

ஹிட்ச்காக் காத்த இரகசியம் 2013-இல் எவருக்கும் இரகசியமாக இருக்கவில்லை. படத்தைப் பார்க்காதவர்களும் முடிவைக் கேள்விப்பட்டிருந்தனர். மூலத்தின் முதன்மை ஆயுதம் இல்லாமலேயே தொடரைத் தொடங்க வேண்டியிருந்தது. இதுவே இரண்டாவதும், மிகக் கடினமானதுமான சிக்கல்.

தொடர் இச்சிக்கலைத் தலைகீழாக்கியது. நார்மன் கொலைகாரன் ஆவான், நார்மா அவன் கையால் சாவாள் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்ற அச்சத்தின் இடத்தில், நடக்கப்போவது நடக்காமல் இருக்கக்கூடாதா என்ற ஏக்கம் வைக்கப்பட்டது. அதற்கு முதலில் அவ்விருவர் மீதும் பார்வையாளருக்கு அன்பு பிறக்க வேண்டும். படத்தில் கொடூரமானவளாக மட்டும் சித்திரிக்கப்பட்ட தாயை ஃபார்மிகா வேறு விதமாக நடித்தார். அவருடைய நார்மா பொய் பேசுவாள், கத்துவாள், மகனை விட்டு விலக மாட்டாள். ஆயினும் இளமையில் சொந்த வீட்டிலேயே வன்கொடுமைக்கு ஆளாகி, தப்பி வாழ முயலும் பெண். அவள் செய்யும் தவறு ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மகனின் நோயை மூடி மறைப்பதும் பாசத்தினாலேயே. முதல் பருவத்துக்காக ஃபார்மிகா எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

படத்தில் இல்லாத டிலன் என்னும் அண்ணன் பாத்திரமும் இங்கு குறிப்பிடத்தக்கது. மேக்ஸ் தீரியட் நடித்த டிலன் நார்மாவின் மூத்த மகன். நார்மனுக்குத் தந்தை வழியில் வேறானவன். அவ்வீட்டிலிருந்து தப்ப முடியும் என்பதற்கு அவனே சான்று. அவன் இல்லாவிட்டால் நார்மனின் வீழ்ச்சி விதி என்று தோன்றியிருக்கும். அவன் இருப்பதால் அது இழப்பாகிறது.

தாயின் மரணமும் அதன் பின்னும்

நார்மா எப்போது சாவது என்பது எழுத்தாளர்களுக்கு முன்னிருந்த நடைமுறைக் கேள்வி. முன்கூட்டியே கொன்றால் தொடரின் சிறந்த நடிகை போய்விடுவார். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் ஏமாற்றுவதாகும். தொடரை ஐந்து பருவங்களோடு முடிப்பது என்ற திட்டம் இதற்கு உதவியது. நான்காம், ஐந்தாம் பருவங்களுக்கு அலைவரிசை 2015-இல் ஒருசேர ஒப்புதல் வழங்கியதால், இறுதிவரை உள்ள தூரம் எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருந்தது. முடிவு எப்போது என்றே அறியாமல் ஆண்டுக்கு ஆண்டு நீட்டப்படும் தொடர்களுக்கு இவ்வசதி கிட்டுவதில்லை.

நான்காம் பருவத்தில் (2016) நார்மன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறான். அதன் செலவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டி நார்மா, ஊரின் காவல் தலைவர் ரொமேரோவை மணக்கிறாள். காப்பீட்டுக்காகச் செய்த திருமணம் மெய்யான காதலாக மாறி, வாழ்வில் முதன்முறையாக அவள் மகிழ்ச்சியாக இருக்கும்போது நார்மன் வீடு திரும்புகிறான். தாய் உறங்கும் இரவில் வீட்டினுள் நச்சு வாயு நிரம்பச் செய்து, அவளுடன் தானும் சாக அருகில் படுத்துக்கொள்கிறான். அவள் இறக்கிறாள், அவன் பிழைத்துக்கொள்கிறான். படத்தில் நார்மன் தாயோடு அவள் காதலனையும் நஞ்சிட்டதாகக் கூறப்படும். தொடரில் ரொமேரோ உயிருடன் விடப்பட்டார். இதனால் கடைசிப் பருவத்துக்குப் பழிவாங்கத் துடிக்கும் ஒருவர் கிடைத்தார்.

ஐந்தாம் பருவத்திலும் ஃபார்மிகா தொடர்ந்து நடித்தார், ஆனால் நார்மாவாக அல்ல. நார்மனின் மனத்துக்குள் வாழும் "அம்மா"வாக. உண்மையான நார்மாவைவிட இவள் கடுமையானவள், அழுத்தந்திருத்தமாகப் பேசுபவள். படத்தில் குரலாக மட்டும் இருந்த பாத்திரத்துக்குத் தொடர் இறுதியில் வந்து சேர்ந்த இடம் இது. நான்கு பருவங்களாக உயிருள்ள தாயைப் பார்த்துப் பழகியிராவிட்டால் இவ்வேறுபாடு பார்வையாளருக்குப் புலப்பட்டிருக்காது. நீண்ட கால அளவு இங்கே தடையாக இல்லாமல் துணையாக அமைந்தது.

மேரியன் கிரேன்

கடைசிப் பருவத்தில் மேரியன் விடுதிக்கு வருகிறாள். அவளாகப் பாடகி ரிஹானா நடித்தார். குளியலறைக்குள் போகிறாள், நீரைத் திறக்கிறாள், திரையை இழுக்கிறாள். உலகில் மிகுதியாக ஆராயப்பட்ட காட்சிகளுள் ஒன்று அப்படியே தொடங்குகிறது. ஆனால் எதுவும் நடப்பதில்லை. அவள் குளித்து முடித்துவிட்டு உயிருடன் ஊரை விட்டுப் போகிறாள். பின்னர் அதே குளியலறையில் கொல்லப்படுபவன் அவளை ஏமாற்றிய சாம் லூமிஸ். படத்தில் மேரியனின் காதலனாகவும் மர்மத்தைத் துலக்க உதவுபவனாகவும் வருபவன் இவன்தான்.

1960-இல் பார்வையாளர் எதிர்பாராதது கதாநாயகியின் சாவு. 2017-இல் எவரும் எதிர்பாராதது அவள் பிழைப்பது ஒன்றே. காட்சிகளை ஒவ்வொன்றாக அப்படியே மீண்டும் எடுத்த கஸ் வான் சான்ட்டின் 1998-ஆம் ஆண்டுப் படம் மூலத்தின் உருவத்தைக் காத்து, அதிர்ச்சியைத் தொலைத்தது. தொடர் உருவத்தை மாற்றி அதிர்ச்சியைக் காத்தது. இம்மாற்றத்தை விரும்பாத சைக்கோ இரசிகர்களும் உண்டு.

2017 ஏப்ரல் 24 அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தில் நார்மன், டிலனின் கையால் சுடப்பட்டு இறக்கிறான். படத்தில் அவன் பிழைத்துச் சிறையறையில் அமர்ந்திருப்பதால்தான் அடுத்தடுத்த பாகங்கள் சாத்தியமாயின. தொடர் அக்கதவை மூடிவிட்டது.

உரிமைகள்

பேட்ஸ் மோட்டலுக்கு ஒரு சாதகம் இருந்தது. தொடரைத் தயாரித்த யுனிவர்சல் நிறுவனத்தின் வசமே சைக்கோ உரிமைகள் இருந்ததால், பாத்திரங்களை விருப்பம்போல் பயன்படுத்த முடிந்தது. எல்லாத் திகில் வரிசைகளுக்கும் இது வாய்ப்பதில்லை. தாமஸ் ஹாரிசின் புதினங்களிலிருந்து உருவான "ஹனிபல்" தொடரில் (2013-2015) கிளாரிஸ் ஸ்டார்லிங் என்னும் பாத்திரத்தைக் கொண்டுவர முடியவில்லை, அதன் உரிமை எம்.ஜி.எம். நிறுவனத்திடம் இருந்தது. 2021-இல் அதே கிளாரிசை நாயகியாகக் கொண்டு "கிளாரிஸ்" என்ற தொடர் வந்தபோது, அதில் ஹனிபல் லெக்டரின் பெயரைக்கூட உச்சரிக்க இயலவில்லை. ஒரே கதையின் இரு பாதிகள் இரு தொடர்களில் ஒன்றையொன்று காணாமல் வாழ்ந்தன. இரண்டில் பிந்தியது 13 அத்தியாயங்களுடன் நின்றது.

வீடு

ஹிட்ச்காக் படத்துக்காக யுனிவர்சல் வளாகத்தில் எழுப்பப்பட்ட வீட்டுக்கு முகப்பும் ஒரு பக்கமும் மட்டுமே இருந்தன. ஒளிப்படக் கருவி நோக்கும் திசைக்கு அது போதுமானது. ஐந்தாண்டுகள் மக்கள் வாழவேண்டிய தொடருக்கு அது போதாது. ஆகவே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள ஆல்டர்குரோவ் என்னுமிடத்தில் வீடும் விடுதியும் படத்தில் கண்டவாறே புதிதாக அமைக்கப்பட்டன. அங்கு அமைந்தது வெளித்தோற்றம். உட்புறக் காட்சிகள் தனியே அரங்கத்தினுள் எடுக்கப்பட்டன. படப்பிடிப்பு முடிந்ததும் 2017-இல் ஆல்டர்குரோவ் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 1960-இன் வீடு பலமுறை இடம் மாற்றப்பட்டும் செப்பனிடப்பட்டும் யுனிவர்சல் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் வண்டியில் இருந்தபடியே அதைக் காணலாம்.